ஏழு சீட்டு

மார்ச் 7, 1988, திங்கள்

எங்கள் வார்டின் கடைசி அறைக்கு எய்ட்ஸ் நோயாளி ஒருவர் விடாத காய்ச்சலோடு வந்திருக்கிறார். பேர் ஜெயினுலாப்தீன், தாராவியில் தோல் பட்டறை. நர்ஸ்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சாக்கு. ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்கு விரதம். கடைசியில், தினம் சீட்டுக் குலுக்கி, யார் பேர் வருகிறதோ அவள் உள்ளே போவது என்று முடிவாயிற்று. கையெழுத்து அழகாம், சீட்டு எழுதும் வேலை எனக்கு. ஏழுதான் எழுதினேன். என் பேரை விட்டுவிட்டேன்.

சரி, அதனால் என்ன இப்போ?

மார்ச் 9

ஒரு டாக்டரம்மா கேள்வித்தாளோடு வந்தாள். எய்ட்ஸ் பற்றி நர்ஸ்களுக்கு என்ன தெரியும் என்று கணக்கெடுப்பாம். தொட்டால் வருமா? வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால்? வராது. கொசு? வராது. கடைசியாக, இந்த நோயாளியை நீங்கள் கவனிப்பீர்களா? 'மகிழ்ச்சியுடன்' என்று எழுதினேன். மகிழ்ச்சியுடனாம், வெட்கங்கெட்டவள்.

மார்ச் 10

இருபதுக்கு இருபது. வார்டிலேயே நான்தான் முதல். வீட்டில் இவரிடம் மார்க்கை மட்டும் சொன்னேன், எந்தப் பாடம் என்று சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே என் காபி டம்ளர் தனியாகிவிடும்.

மார்ச் 12

சீட்டு இன்று நாலாவது தடவையாக சைனப்புக்கு. வார்டிலேயே சின்னவள். மற்றவர்கள் தட்டை வாசலில் வைத்துக் காலால் தள்ளிவிட்டு வந்துவிடுகிறார்கள். இவள் ஒருத்திதான் கட்டில்வரை போகிறாள்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, மொதல் நாளே எண்ணிட்டேன். ஏழு சீட்டுத்தான் இருந்துச்சு."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. "எல்லார்ட்டயும் சொல்லிடேன்டி."

"சொல்லி என்னக்கா. அவருக்கு முதுகுல புண்ணு வச்சிருச்சு. ஒத்தையாப் பெரட்ட முடியல. ஒரு கை பிடிக்க வாரியளா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனேன். கவுன், இரண்டு ஜோடி கிளவுஸ், இரண்டு மாஸ்க்.

"யாரும்மா அது? மொகமே தெரியலியே," என்றார் ஜெயினுலாப்தீன்.

புண் உள்ளங்கை அகலம். திருப்பிப் படுக்கவைக்காததால் வருகிற புண். இது எய்ட்ஸ் கொடுத்தது இல்லை, நாங்கள் கொடுத்தது. மாஸ்குக்குள்ளேயே அழுதேன்.

மார்ச் 13

கட்டு மாற்றும்போது மட்டும் கிளவுஸ். முகம் திறந்தே இருந்தது. வீட்டிலிருந்து நாலு இட்லி கொண்டுபோனேன். பொடியில் காரம் போதாதாம். படுத்த படுக்கையிலும் இந்த மனுஷனுக்கு நாக்கைப் பார்!

மார்ச் 16

புண் ஆறுகிறது. காலையும் மாலையும் நானும் சைனப்பும்.

மார்ச் 19

காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழைத்துப்போக அவர் மனைவி மதீனா பீவி வந்தாள். கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தேன், சுவரோடு ஒட்டி நின்றே பார்த்தாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்:

"இத்தன நாளும் நீங்க அவரத் தொட்டுத்தான் பாத்தியளா சிஸ்டர்?"

ஆமாம் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. ஒரு வாரமாத்தான். அதுக்கு முன்னாடி எனக்கும் பயம்."

என்னையே பார்த்தாள். "அப்பம் எனக்கும் ஒரு வாரம் டைம் குடுங்க," என்றாள்.

டாக்ஸிவரை கூடப் போனேன். அவர் குனிந்து ஏறும்போது தலை கதவில் இடிக்கப் பார்த்தது. மதீனா பீவி சட்டென்று அவர் உச்சந்தலையில் கையை வைத்து அமுக்கி, உள்ளே உட்காரவைத்தாள். தானும் ஏறிக்கொண்டாள். டாக்ஸி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கையை அவள் எடுக்கவில்லை.