மருதமுத்து போட்டிருந்த கோட்டு

அன்புள்ள அண்ணே,

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் கார்பன் தாள் வாங்க வந்தார். மேசை மேல் குனிந்தபோது அவருடைய பெல்ட்டிலிருந்து பித்தளை மினுக்கும் மருந்தின் வாடை வந்தது. புளிப்பும் எண்ணெயும் கலந்த வாடை. அவர் போன பிறகும் அது கடைக்குள்ளேயே நின்றது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. உங்களுக்காக யார் யாருக்கோ எத்தனையோ கடிதம் தட்டியவன் நான். உங்களுக்கென்று ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் தடவை நீங்கள் வந்ததும் அந்த வாடையோடுதான். ஹட்டன் கடைவீதியில் என் தகப்பனார் விட்டுப்போன காகிதக் கடையில் ஒரு பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு நான் மனு எழுத ஆரம்பித்திருந்த காலம். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களெல்லாம் குடியுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில்தான் இருந்தோம், இங்கேதான் பிறந்தோம் என்று காட்டக் கையில் கிடைத்த சீட்டையெல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவருவார்கள். வாசலில் வரிசை நிற்கும். நீங்கள் காக்கி அரைக்காற்சட்டையும் பட்டாளத்து பெல்ட்டுமாக அந்த வரிசையில் நின்றீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி என்னை நானா என்றுதான் கூப்பிட்டீர்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் ஓட்டுகிறேன், யுத்தத்தில் பர்மாவுக்குப் போய் ரோடும் பாலமும் போட்ட பட்டாளத்தில் இருந்தேன் என்றீர்கள். பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பதக்கத்தை எடுத்து வைத்தீர்கள். பெல்ட் பளபளத்தது, பதக்கமோ கறுத்துக் கிடந்தது. விளிம்பில் உங்கள் எண்ணும் பெயரும் வெட்டியிருந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதைக் குடியுரிமை மனுவோடு காட்டினால் யாரும் லேசில் தள்ளிவிட முடியாது என்றேன். எவ்வளவோ பேருக்கு ஒரு பிறப்புச் சீட்டுக்கூட இல்லாதபோது ராஜா கொடுத்த பதக்கம் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு மனு எழுத வேண்டும் என்றீர்கள். ஒன்று குடியுரிமைக்கு. மற்றது சீமையில் பட்டாளப் பதிவு வைத்திருக்கும் கந்தோருக்கு.

“இந்தப் பதக்கம் என்னோடது இல்லீங்க நானா. பேரை மாத்தி எழுதச் சொல்லணும்.”

பிறகு நடந்ததைச் சொன்னீர்கள். மருதமுத்துவும் நீங்களும் ஒரே கூடாரம். அவர் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துக்காரர், உங்களைவிட ஒரு சாண் உயரம். முதல் நாள் மழையில் அவருடைய கோட்டு ஊறிவிட்டது. காலைக் குளிரில் பாலத்து வேலைக்குப் போகும்போது, நீங்கள் கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் மார்பில் கறுப்பு மையால் உங்கள் எண் எழுதியிருந்தது. சற்று நேரத்தில் விமானங்கள் வந்து சுட்டன. ஆற்றோரம் நின்ற லொறி தீப்பிடித்தது. மருதமுத்து மூன்று தடவை அதற்குள் போய் மூன்று பேரை இழுத்துப் போட்டார். அதில் ஒருவர் வெள்ளைக்கார அதிகாரி. புகையில் பாதிக் கண் தெரியாமல் கிடந்த அவர், தன்னைத் தூக்கியவனின் மார்பில் இருந்த எண்ணை மனதில் பிடித்துக்கொண்டார்.

மருதமுத்துவின் கைகள் வெந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியில் புண் சீழ்பிடித்து, காய்ச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். கழுத்தில் கிடந்த அடையாள வில்லையைப் பார்த்து அவர் பெயரைச் சரியாகவே எழுதினார்கள்; பக்கத்தில், காய்ச்சலில் இறந்தார் என்று எழுதினார்கள். அவர் மனைவிக்கும் அப்படியே கடிதம் போயிற்று. ஒரு மாதம் கழித்து அணிவகுப்பில் உங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரியே உங்கள் கோட்டில் பதக்கத்தைக் குத்தினார்.

“இல்லைன்னு சொல்ல வாய் வரல. எல்லாரும் கைதட்டிட்டாங்க. பொறவு சொல்லுவோம், பொறவு சொல்லுவோம்னே கப்பல் ஏறிட்டேன்.”

நான் நியாயம் பேசினேன். மருதமுத்து திரும்பி வரப்போவதில்லை, முதல் மனுவுக்குப் பதில் வரட்டும், உங்களுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். குடியுரிமை மனுவில் பட்டாளத்தில் இருந்ததை எழுதுங்கள், பதக்கத்தை எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டும் ஒரே தபாலில் போகட்டும் என்று சொல்லி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள்.

அண்ணே, அன்று நான் செய்ததை இப்போது எழுதக்கூடக் கை கூசுகிறது. முதல் மனுவில் பதக்கத்தைப் பற்றி நானாகவே ஒரு வரி சேர்த்தேன். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்ற தைரியம். இரண்டாவது மனுவை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். சீமையிலிருந்து பதில் வந்ததா என்று மாதம் ஒரு தடவை கேட்க வருவீர்கள். கப்பல் தபால், சுணங்கும் என்பேன். தலையை ஆட்டிவிட்டு மஸ்கெலியா பஸ்ஸுக்கு நடப்பீர்கள்.

எட்டு மாதத்தில் குடியுரிமை மனு தள்ளுபடியாகி வந்தது. தகப்பனார் பிறந்த இடத்துக்கு ஆதாரம் போதாதாம். பதக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாளை உங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அதே மூச்சில் லாச்சியைத் திறந்து மற்றதை எடுத்து மேசைமேல் வைத்தேன். சேர்த்த வரியையும் சொன்னேன். என் சட்டையைப் பிடிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் மனுவை எடுத்து மடிப்பு கலையாமல் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

“நான் எட்டு வருசம் வச்சிருந்தேன் நானா. நீங்க எட்டு மாசந்தான்” என்றீர்கள்.

தபால் கந்தோருக்குத் தனியாகவே நடந்து போனீர்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு உங்களுக்காக எழுதிய கடிதங்களில் ஒரு சொல்லையும் நான் மாற்றியதில்லை. சீமையிலிருந்து சாட்சி வேண்டும் என்றார்கள். லொறியிலிருந்து பிழைத்த மற்ற இருவரும் எங்கே என்று தெரியவில்லை என்று எழுதினோம். பதிவில் தவறில்லை, பதக்கம் உங்களுடையதே என்று ஒரு பதில். என்னுடையது இல்லை என்று நாம். நடுவில் ஆண்டுகள் போயின. என் கல்யாணம் நடந்தது. உங்கள் மூத்த மகள் வாழ்க்கைப்பட்டுப் போனாள். உங்களுக்கு மூச்சுத்திணறல் வந்து ரோலர் வேலையிலிருந்து கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். இந்தப் பக்கம் வந்தால் பெஞ்சில் உட்கார்ந்து எழுதலாமா நானா என்பீர்கள். நான் தாளைச் செருகுவேன்.

கடைசியில் அந்த அதிகாரியையே கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கடிதத்தின் பிரதி வந்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கடை சாத்தப் போனவன், நின்றபடியே அதைத் தமிழில் சொன்னேன். தன்னை இழுத்தவனின் கோட்டுக் கை மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே முடிந்திருந்தது, அதனால்தான் மணிக்கட்டெல்லாம் எரிந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தார். பதக்கம் குத்திய நாளில் எதிரே நின்றவனின் கோட்டுக் கை சரியாக இருந்தது, கைகளில் காயமும் இல்லை. அதைக் கண்டும் தான் கேட்காமல் விட்டது தன் தவறு என்றும் எழுதியிருந்தார். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டீர்கள். அன்று நான் ஜும்மாவுக்குப் பிந்தித்தான் போனேன்.

பழைய பதக்கத்தைத் திருப்பி அனுப்பினோம். மருதமுத்துவின் பெயர் வெட்டிய புதியது, என் கடை முகவரிக்கு வந்தது. நோர்வூட் பஸ்ஸில் இருவரும் போனோம். அவருடைய மனைவி லெட்சுமி கொழுந்தை எடை நிறுத்துவிட்டு அப்போதுதான் லயத்து வீட்டுக்கு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கவில்லை. நீங்கள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னீர்கள். கோட்டை, லொறியை, கைதட்டலை. எதையும் விடவில்லை.

அவர் பதக்கத்தைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தார்.

“அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?”

“ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள படுத்திருந்தேன்மா. பயத்துல.”

பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ விறகு ஒடிக்கிற சத்தம் கேட்டது.

“காய்ச்சல்ல போயிட்டாருன்னாங்க. பட்டாளத்துக்குப் போயி படுத்துக் கெடந்து செத்தான்னு இந்த லயத்துலயே சிரிச்சாங்க” என்றார். பிறகு, கடைசி நாட்களில் அவருக்குத் தண்ணீர் யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றீர்கள். கையால் வாங்கிக் குடிக்க முடியாது, கரண்டியால் ஊட்டினேன் என்றீர்கள். லெட்சுமி அதைக் கேட்டுத்தான் அழுதார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றுகிறேன், குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் மூச்சு நின்றுவிட்டது. எந்த நாட்டுக் கடதாசியும் இல்லாமலே போனீர்கள். தோட்டத்து மயானத்தில் உங்களைப் புதைத்த அன்று லெட்சுமி நோர்வூட்டிலிருந்து வந்திருந்தார். உங்கள் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார், யாரென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டதில் இப்போது மறுபடியும் என் வாசலில் வரிசை நிற்கிறது. இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருக்கக் கேட்பதா என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எது பலிக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று கை இன்னமும் பரபரக்கிறது. ஆனாலும் தட்டிய ஒவ்வொரு வரியையும் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, இப்படியே போகட்டுமா என்று கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள். வரிசை நீளுகிறது.

போன வாரம் பொல்பிட்டிய பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா நான்காவது வரியில் கையை நீட்டி நிறுத்தினார். “அது அப்புடி இல்லீங்க நானா” என்றார். தாளை உருவிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைச் செருகி, சொல்லுங்க என்றேன்.