நீ எழுதாமல் விட்ட ஓட்டம்

இன்று காலை பள்ளி மைதானத்தில் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஈர மண்ணில் சுண்ணாம்பு விழுந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் மேல் கோபம் வந்தது. நீ மௌத்தாகி ஏழு மாதம். போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறதே, என்ன செய்ய?

இந்த வாடைக்குள்தான் நாமும் ஓடினோம். பி.டி. டீச்சர் நான்கு பெண்பிள்ளைகளைப் பொறுக்கி, உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் பழக்குவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, மதிலுக்குப் பின்னால் கோல் கைமாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டம் பழக்கினார். வாப்பாவின் தறியில் முறிந்து கிடந்த தடியை அறுத்து நான்தான் கோல் கொண்டுவந்தேன். நீ மூன்றாவது, நான் கடைசி. நான் பின்னால் பார்த்துப் பார்த்தே வேகத்தைக் கெடுத்துக்கொள்வேன். "திரும்பிப் பாக்காத, புள்ள. கையப் பின்னுக்கு நீட்டிட்டு ஓடு. நான் தருவன்" என்பாய். வலயப் போட்டியில் நீளக் காற்சட்டையும் முக்காடுமாக ஓடினோம். நான் திரும்பவில்லை, கோல் கைக்கு வந்தது. இரண்டாம் இடம்.

செய்தி எப்படியோ வாப்பாவின் காதுக்குப் போய்விட்டது. தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "ஆரோட ஓடின?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் வாய் திறக்கவில்லை. உன் பெயரைச் சொல்லியிருந்தால் உன்னையும் மறித்திருப்பார்கள். அந்தக் கிழமையோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது, தறியில் உட்கார்ந்தேன். நீ படித்தாய், நீயே பி.டி. டீச்சராக வந்தாய். அல்லாஹ் மேல் ஆணை, எனக்குப் பொறாமை இருக்கவில்லை. நம்மில் ஒருத்தியாவது மைதானத்தில் நிற்கிறாளே என்று பெருமைதான்.

டீச்சர் எப்போதோ ஊர் மாறிப் போய்விட்டார். மற்ற இருவரையும், நால்வரும் நின்று எடுத்த படத்தையும் சுனாமியில் கடல் கொண்டுபோனது. சாட்சிக்கு மிஞ்சியது நீயும் நானும்.

பள்ளியின் விளையாட்டு வரலாற்றை எழுதும் வேலையை உன்னிடம் கொடுத்ததும் என் வீட்டுக்கு ஓடி வந்தாய். "நம்மட ஓட்டத்த நான் எழுதாட்டி வேற ஆரு எழுதுற?" என்றாய். நூல் வந்தது. முதல் உதைபந்தை யார் வாங்கித் தந்தார், கரப்பந்து வலையை எந்தத் தென்னையில் கட்டினார்கள், மைதானத்துப் பள்ளத்தை எங்கிருந்து மண் ஏற்றி நிரப்பினார்கள், எல்லாம் இருந்தது. நம் இடத்தில் ஒரே ஒரு வரி: "மாணவியர் உடற்பயிற்சிக் கண்காட்சியோடு நிறுத்திக்கொண்டனர்."

நூலோடு உன் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி தந்தாய், முகத்தைத் தரவில்லை.

"சின்னவளுக்கு மாப்புள பேசிக்கிட்டு இரிக்கம். இப்ப எண்ட ஓட்டக் கதை என்னத்துக்கு புள்ள?"

"உண்ட பேர உட்டுட்டு எண்ட பேரையாவது போட்டிருக்கலாமே?"

"ஒன்னப் போட்டா, கூட ஓடினது ஆரு எண்டு கேப்பாங்க."

அடி வாங்கியவள் நான், பயந்தவள் நீ. உன் ஜனாஸா வீட்டில் மூத்த மகள் எங்களைப் பார்த்து, "உம்மா ஆர்ட மனசயாவது நோகடிச்சிருந்தா பொறுத்துக்கங்க" என்று அழுதாள். எல்லாப் பெண்களும் பொறுத்தோம் என்றார்கள். எனக்கு நாக்குப் புரளவில்லை.

போன கிழமை பெற்றோர் கூட்டம். என் மகள் அஞ்சல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பள்ளி நிர்வாகக் குழுவில் ஒருவர் உன் நூலை விரித்து அந்த வரியை வாசித்தார். "நம்மட பள்ளிக்கூடத்துல இல்லாத வழக்கம். எழுதினதும் ஒரு பொம்பிளைதான்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பி, "நான் ஓடியிருக்கன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆரோட ஓடினீங்க?"

வாப்பா கேட்ட அதே கேள்வி. இந்த முறை உன் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாக இருக்கும் உன் மூத்தவள் மெல்ல எழும்பினாள். "உம்மா கடைசி நாளையில 'கோல் அவக்கிட்டத்தான் இரிக்கி' எண்டு சொல்லிக்கிட்டே இருந்தா. எங்களுக்கு விளங்கல்ல" என்றாள். அதற்குப் பிறகு யாரும் நூலைத் தொடவில்லை. நீளக் காற்சட்டையும் முக்காடும் வேண்டும் என்று சொல்லி ஓட விட்டார்கள். நாம் மட்டும் வேறு எப்படி ஓடினோமாம்?

கோலைப் பற்றிய அந்த ஒரு வார்த்தையை நீ என்னிடம் சொல்லியிருந்தால், உன் ஜனாஸாவின் முன்னால் பொறுத்தேன் என்று சொல்லியிருப்பேனே. இன்னும் சொல்லவில்லை. கோல் என் அலுமாரியில் இருந்தது, இப்போது மகள் அதில்தான் பழகுகிறாள். நேற்று அவளும் என்னைப் போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நீ சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"வேகம் குறைஞ்சாலும் பரவால்ல மகள்" என்றேன். "திரும்பிப் பாத்தே வாங்கு."