மூன்றாவது கிளாஸ்

ஜூன் 7, சனி

மறுபடியும் விலையை ஏற்றிவிட்டார்கள். மெனு அட்டையில் பழைய விலைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர், அதற்கு மேல் இன்னொன்று. விரலால் தடவினால் கொப்புளம் மாதிரி தட்டுப்படுகிறது. சாயங்காலம் ஆறு மணி வரை இருந்த சலுகை விலையும் போச்சு. விலையை ஏற்றிய கையோடு ஆளையும் குறைத்துவிட்டார்கள். முன்பு நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்த பாரில் இப்போது ஒரே ஒரு பெண், கவுண்டருக்குள் ஒருவர். கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

கூட வந்த சிநேகிதர், கம்பெனி கார் ஓட்டுகிற டிரைவர், முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் வழக்கம்போல மூன்று ரம் சொன்னோம். எனக்கு, டிரைவருக்கு, மச்சானுக்கு. மச்சான் கிளாஸில் ஒரே ஒரு ஐஸ்கட்டி. அதை அவன் நாற்காலிக்கு முன்னால் வைத்தோம். பிப்ரவரியில் அவன் போனதிலிருந்து இப்படித்தான். அந்தக் கிளாஸை நாங்கள் இரண்டு பேரும் தொடுவதில்லை. எழுந்து வரும்போது கவுண்டர்க்காரர் எடுத்துப்போய்க் கொட்டிவிடுவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை, நல்ல மனுஷன்.

என் மனைவியின் அண்ணன் அவன். ஆனால் எனக்கு அதற்கு முன்பே சிநேகிதன். குளியலறைக்குள் போனான், வரவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்றான். அந்த மீதி என்ன? எனக்கு இன்னும் மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது.

ஜூன் 14, சனி

கவுண்டர்க்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். புது ஆளுக்கு எங்களைத் தெரியாது. அந்தப் பெண் வந்து, "இந்தச் சேர்ல யாராவது வராங்களா சார்? பக்கத்து டேபிள்ல கேக்கறாங்க" என்றாள். என்ன சொல்வது? வராங்க என்றேன். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார், இனிமேல் வாராவாரம் வர முடியாது, முட்டி வலி, படி ஏற இறங்க ஆகவில்லை என்று. பாருக்கு இரண்டே படி. நான் லிஃப்ட் மெக்கானிக், அவருக்கும் மச்சானுக்கும் வெறும் 'லிஃப்ட்டு'. படி ஏறமுடியாதவர்கள் எப்படி நடப்பார்கள் என்று தினமும் பார்க்கிறேன். அவர் அப்படி நடக்கவில்லை.

அப்புறம் போகிற போக்கில், "செத்தவனுக்கு இன்னும் எத்தனை நாளைக்குடா லிஃப்ட்டு?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

தனியாகப் போனேன். இரண்டு கிளாஸ்.

டேபிளுக்கு யாருமே வருவதில்லை. நாமே கவுண்டரில் போய் நின்று, கூட்டத்தில் தலையை நீட்டி, கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு நிற்கிற மாதிரி நின்று வாங்கிவர வேண்டும். முதலில் மச்சானுடையதை வாங்கி வைத்தேன். என்னுடையதற்கு மறுபடி போய் நின்றேன். இரண்டையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அவனுக்கு முதலில் வைப்பதுதான் வழக்கம், அதை மாற்ற மனசு வரவில்லை.

கவுண்டரில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் பிடரி உணருமே, அது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலி.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருட்டிலிருந்து "லிஃப்ட்டு" என்று ஒரு குரல். என்னை அப்படிக் கூப்பிட இரண்டே பேர்தான். வேலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

யாராவது படித்தால் சிரிப்பார்கள். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மச்சான் கிளாஸை வைத்துவிட்டு என்னுடையதற்குப் போனேன். இன்று கூட்டம் அதிகம். புது ஆள் ஒரு கையில் போனும் ஒரு கையில் பாட்டிலுமாக நின்றார். என்னைக் கண்டும் காணாத மாதிரி மூன்று பேருக்குக் கொடுத்தார். ஒருவழியாக வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவன் கிளாஸ் காலி. ஐஸ்கட்டி மட்டும் அடியில், முழுசாக, கரையாமல். வைத்த இடத்திலேயே கிளாஸ் இருக்கிறது. நாற்காலி மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது, அவன் எழுந்தால் விட்டுவிட்டுப் போவானே, அப்படி.

யாரோ எடுத்துக் குடித்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். வேறென்ன?

ஆனால் யாரோ ஒருவன் குடித்தால் கிளாஸை அதே ஈர வட்டத்தின் மேல் திருப்பி வைப்பானா?

என் ரம்மைக் குடிக்காமல் வந்துவிட்டேன். தெரு முழுக்க யாரோ கூடவே வருகிற மாதிரி.

ஜூன் 29, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு கனவுல கூட வரல. அஞ்சு மாசமா வேண்டிக்கிட்டே படுக்கறேன். குடிக்க மட்டும் வந்திருக்காரு."

அவ்வளவுதான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 5, சனி

இன்றும் காலி.

அந்தப் பெண்ணைப் பிடித்து, என் டேபிளில் யாராவது உட்கார்ந்தார்களா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. "கீழயும் மேலயும் நான் ஒருத்திதான் சார். உங்க டேபிள் எங்க இருக்குன்னே இப்பதான் பாக்கறேன்" என்றாள். பாவம், செருப்பு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள்.

ஜூலை 9, புதன்

வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. மனைவி அழுவதை நிறுத்திவிட்டாள். முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. அவள் காத்திருக்கிறாள். சாயங்காலமானால் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைக்கிறாள். சாப்பிடும்போது எதிரே ஓர் இடம் விட்டு உட்காருகிறாள். அண்ணன் முகம் வாடியிருந்ததா, என்ன சட்டை என்று என்னைக் கேட்கிறாள். நான் பார்க்கவில்லையே என்றால், நீங்கதான் சரியா பாக்கறதில்லையே எப்பவும் என்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை அவளும் வருவாளாம். பாருக்குள் காலெடுத்து வைக்காதவள். ஒரு வாரம் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

பார்த்துவிட்டேன்.

கவுண்டருக்குப் பின்னால் பாட்டில் அலமாரியில் கண்ணாடி பதித்திருக்கிறது. இத்தனை நாள் அதை ஏன் கவனிக்கவில்லை? இன்று இரண்டு பாட்டிலுக்கு நடுவில் ஒரு விரற்கடை இடைவெளியில் என் டேபிள் தெரிந்தது. கழிப்பறை வழியாகப் பின்வாசல் போகிற நடையிலிருந்து ஒரு ஆள் வந்தார். தொப்பியை நெற்றி மறைய இழுத்துவிட்டிருந்தார். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மடக்கு. கிளாஸை அதே வட்டத்தில் வைத்தார். அப்புறம் மேஜையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், ஒருவர் தோளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. எழுந்து போய்விட்டார்.

டிரைவர்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. செத்தவன் கிளாஸையா? கேட்டிருந்தால் நான் வாங்கித் தரமாட்டேனா? திரும்பி ஒரு சத்தம் போட்டிருந்தால் பிடித்திருக்கலாம். திரும்பவில்லை. அந்த முகம். நான் திரும்பியிருந்தால் அந்த மனுஷன் அங்கேயே செத்திருப்பார்.

ஜூலை 13, ஞாயிறு

டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். முட்டி எப்படி என்றால், எந்த முட்டி என்கிறார். கண்ணில் புரை, பரிசோதனையில் தேறவில்லை, லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை, கம்பெனி வண்டியை வாங்கிக்கொண்டது. ஏப்ரலிலேயே. நானும் மச்சானை நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவே இல்லை. அந்த ஸ்டிக்கர் விலையில் அவரும் பங்கு போட்டு மச்சானுக்கு வாங்கியிருக்கிறார், வேலை இல்லாமல், இரண்டு மாதம்!

"சனிக்கிழமை மட்டும் சட்டை மாத்திட்டு எங்கயோ போறாருங்க. உங்ககூடத்தான்னு சொல்றாரு." ஆமாம், என்னுடன்தான் என்றேன்.

இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வேன்? அவளிடம் மிச்சம் இருப்பது அந்தக் காலிக் கிளாஸ் ஒன்றுதான். சொன்னால் அவள் அண்ணன் இரண்டாவது தடவை சாவான். சொல்லாவிட்டால்? கதவு சாத்தியபடி, தாழ்ப்பாள் போடாமல், எத்தனை நாளைக்கு?

ஜூலை 19, சனி

அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நடந்தாள். மச்சான் கிளாஸை அவளே வைத்தாள். இரண்டு பேரும் கவுண்டருக்குப் போய் நின்றோம். புது ஆள் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கட்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. நான் தரையையே பார்த்தேன். அவள் நிமிர்ந்துதான் நின்றாள். கண்ணாடி அவளுக்கு நேர் எதிரே. ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லை.

மறுபடி நாற்காலிச் சத்தம். அவள் என் கையை விட்டுவிட்டு டேபிளுக்குப் போனாள். கிளாஸ் காலியாக இருந்ததைப் பார்த்தாள், தொடவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள். "டிரைவர் அண்ணன் ரொம்ப இளைச்சிட்டாரு."

உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

அழுதாள். நாள் முழுக்க. பிப்ரவரியில்கூட இப்படி அழவில்லை.

ஜூலை 26, சனி

பாரில் எல்லாம் மாறிவிட்டது. மேஜைக்கு மேஜை ஒரு கியூஆர் சதுரம் ஒட்டியிருக்கிறார்கள். போனை அதற்கு நேரே காட்டி வேண்டியதைச் சொன்னால் போதும், கவுண்டருக்கே போக வேண்டாம். இரண்டு புது ஆட்கள். சொன்னதும் பறந்து வருகிறது. சேவைக் கட்டணம் என்று அதற்கும் ஒரு விலை. இத்தனை நாள் இதற்குத்தானே திட்டிக்கொண்டிருந்தேன்?

நான் எழுந்து போக ஒரு காரணமும் இல்லை. சும்மா போய் நின்றேன். உட்காருங்க சார், நாங்களே கொண்டு வரோம் என்று கையைப் பிடிக்காத குறையாகத் திருப்பி அனுப்பினார்கள். நடையில் ஒரு தொப்பி தெரிந்து மறைந்தது. அல்லது தெரிந்த மாதிரி இருந்தது.

மச்சான் கிளாஸ் நிறைந்தபடியே இருந்தது. ஐஸ் கரைந்து, நிறம் வெளுத்து, விளிம்பு வரை வந்துவிட்டது. யாருமே வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூலை 30, புதன்

மனைவி மத்தியானம் எங்கேயோ போய்விட்டு வந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, உங்களுக்கு எல்லாம் சொல்லணுமா என்றாள். பழைய குரல். கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று பேராகப் போனோம். நானும் மனைவியும் முன்வாசலில் நின்றோம். டிரைவர் வந்தார், தொப்பி இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில். இரண்டு படியையும் கைப்பிடியைத் தடவிப் பிடித்து ஏறினார். முட்டி இல்லை, கண்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மனைவி என்ன சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. கிளாஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். எங்க அண்ணன் சேர் காலியா கிடக்கு, என்னால பாக்க முடியல, நீங்க வந்து உக்காருங்க என்று மட்டும் சொன்னாளாம்.

அவர் வேறு நாற்காலியை இழுத்தார். அவள் விடவில்லை. அதில்தான் உட்காரவைத்தாள். இரண்டு ரம், அவளுக்கு எலுமிச்சை ஜூஸ். கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. டிரைவர் மூன்றையும் பார்த்தார்.

"அவனுக்கு?"

"வேணாம்ணா. அவருக்குப் போதும்" என்றாள் மனைவி.

அவர் கிளாஸை எடுக்கவில்லை. "லிஃப்ட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். ஐஸ் கரையுது, குடிங்க டிரைவரே என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். புரிந்துவிட்டது. குடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மெதுவாக, வாய் வாயாக.

அப்புறம் கண் ஆபரேஷன் பற்றிப் பேசினோம். விலை பற்றித் திட்டினோம். அவள்கூடத் திட்டினாள், ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவா என்று. நடுவில் எழுந்து, யாரும் போக வேண்டியில்லாத கவுண்டருக்குப் போய் முதுகைக் காட்டி நின்றேன். பிடரியில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். டிரைவர் ஏதோ சொல்கிறார், மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

மச்சான் செத்துவிட்டான்.