விளிம்பில் அராவிய இடம்

இன்று காலை உன் மனைவி என் மேசையில் வைத்துவிட்டுப் போன, காசு வைக்கும் சதுர அட்டையில் என் கையெழுத்து இருக்கிறது. ‘போலி. அச்சில் ஊற்றியது.’ பென்சிலில்கூட இல்லை, பேனாவில் எழுதியிருக்கிறேன். அத்தனை நிச்சயம் எனக்கு! நீ அந்த அட்டையை மாற்றவே இல்லை. நான் அடித்த ஸ்டேப்ளர் பின்கள்கூடத் துருப்பிடித்து அப்படியே இருக்கின்றன.

உள்ளே அதே காசு. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் தலை போட்ட ஐந்து மார்க் வெள்ளிக்காசு. அதைக் கொண்டுவந்த ஞாயிறன்று நீ சர்ச் முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக நம் நாணயச் சங்கக் கூட்டத்துக்கு வந்தாய். யானை போட்ட பழைய மைசூர் செப்புக்காசுகளைத் தவிர வேறெதையும் சேர்க்காதவன் நீ. அன்றைக்கு மட்டும் இதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாய்.

“அம்மாவோடது. பெட்டியில கெடச்சது” என்றாய். கொள்ளேகால் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த உன் அம்மாவுக்கு, ஊர் திரும்பும்போது ஒரு ஜெர்மன் நர்ஸ் கொடுத்த காசு. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

காலேஜ் லேபில் முப்பது வருஷம் தராசோடு கிடந்தவன் நான். அந்தத் திமிர் போகுமா? எடை போட்டேன். இருக்க வேண்டிய இருபத்தேழே முக்கால் கிராமில் அரை கிராம் குறைந்தது. விளிம்பைச் சுற்றி ‘கடவுள் நம்மோடு’ என்று ஜெர்மனில் எழுத்து ஓடும். அதில் ஓர் எழுத்து இல்லை. அந்த இடம் அராவியிருந்தது, லேசாக மஞ்சள் வேறு தெரிந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிய வாயை அராவி மறைத்திருக்கிறார்கள், உள்ளே பித்தளை என்று முடிவு கட்டினேன்.

“உங்க அம்மாவை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்கப்பா” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நீ சிரிக்கவில்லை. “எங்கம்மா பொய் சொல்ற ஆளில்லே. ஒரு தடவ சுண்டிப் பாரு, ஆமேலே சொல்லு.”

“தராசே சொல்லிடுச்சு, காதுல வேற கேக்கணுமா?”

“அப்போ எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நீ கூட்டத்துக்கு வரவில்லை. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் நின்று, “சென்னாகித்தீரா?” என்று கன்னடத்தில் மரியாதையாக நலம் விசாரிப்பாய். ‘வாடா போடா’ என்று பேசிக்கொண்டிருந்த நமக்குள் தமிழே நின்றுபோனது. எனக்கு அது சுருக்கென்று தைக்கும். ஆனாலும் உன் வீட்டுப் படி ஏற மனம் வரவில்லை. நான் சொன்னது சரிதானே என்கிற வீம்பு. போன மாதம் கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஆளாக நின்று உனக்கு மண் போட்டபோதும் அந்த வீம்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உன் மனைவி ஒரு பழைய போட்டோவும் கொண்டுவந்தாள். “இதப் பெருசு பண்ணித் தரணும்ணா, அவர் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும். இந்தக் காசுல உங்க எழுத்து இருந்துச்சு, அதான் இதையும் கொண்டாந்தேன்.”

போட்டோவில் உன் அம்மா. மடியில் கைக்குழந்தையாக நீ. அவர் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் இந்தக் காசு. கைசரின் தலைக்கு மேலே ஒரு சின்ன வளையம்.

லென்ஸை எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். “இந்த வளையம் எங்கேம்மா போச்சு?”

“அதாண்ணா? இவரு கொழந்தையா இருக்கறப்போ கன்னத்தக் கீறிடுச்சாம். அத்தை அன்னிக்கே ஆசாரிகிட்ட போய் அராவி எடுத்துட்டாங்களாம். எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னாங்க. ஏண்ணா?”

படத்தில் வளையம் இருந்த இடத்தையும் காசில் அராவிய இடத்தையும் ஒத்துப் பார்த்தேன். நான் பித்தளை என்று பார்த்த மஞ்சள், ஆசாரி வளையத்தைப் பற்றவைத்த தடம். குறைந்த அரை கிராம், உன் கன்னத்துக்காக உன் அம்மா அராவச் சொன்னது. நம் ஊர்ப் பெண்கள் காசைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன், ஜெர்மன் புத்தகத்து எடையை மட்டும் பார்த்தேன். நீயும் வீட்டில் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மனைவியே அன்றைக்கே விளக்கியிருப்பாள்.

அவள் போன பிறகு சுண்டிப் பார்த்தேன். கணீரென்று எழும்பி, வெகுநேரம் இழுத்து ஓய்ந்தது. வெள்ளிதான்டா. உன் அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லப் போகிறேன். ஆனால் அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட இப்போது வருவதில்லை. இப்போது வருகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. யாரோ ஒருவருடைய காசு அசல் என்று ஒரு கிழவன் சொல்வதை மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள்.

போட்டோவோடு காசையும் புது அட்டையில் வைத்து உன் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பழைய அட்டையை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் இருப்பது என் கையெழுத்து.