‘வாரன்’ என்று முடியும் வரிகள்

புதன்கிழமை. பெருநாள் முடிந்த கிழமை.

நான் டைப் செய்யும் அச்சுக்கடையில் இன்று வேலையே வரவில்லை. கைபேசி நிரம்பிவிட்டதால், கட்டாரில் இருக்கும் என் கணவரும் நானும் இத்தனை காலமாக எழுதிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளைக் கடைக் கணினிக்கு மாற்றினேன். நான் மச்சான் என்று கூப்பிடும் அவர் இந்தப் பெருநாளைக்கும் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தேடும் பெட்டியில் (.*)வாரன்$ என்று எழுதினேன். முன்னால் எது இருந்தாலும் சரி, ‘வாரன்’, அதாவது வருகிறேன், என்று முடியும் வரியைப் பிடித்து மஞ்சளில் காட்டும். திரை மஞ்சளாகிவிட்டது. நோன்புக்கு வாரன். பெருநாளைக்கு வாரன். மகள்ட பேர்த்டேக்கு வாரன். லீவு கிடைச்ச உடன வாரன்.

முன்பாதியை அப்படியே விட்டு, ‘வாரன்’ இருந்த இடத்திலெல்லாம் ‘வந்துட்டன்’ என்று போடச் சொல்லி ஒரே தட்டில் மாற்றினேன். நோன்புக்கு வந்துட்டன். பெருநாளைக்கு வந்துட்டன். மகள்ட பேர்த்டேக்கு வந்துட்டன். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது.

பக்கத்துக் கதிரையில் அட்டை மடித்துக்கொண்டிருந்த ஸாஹிரா ராத்தா நிமிர்ந்தார்.

“என்ன புள்ள, தனியச் சிரிக்கிற?”

“ஒன்டுமில்ல ராத்தா. மச்சான் வந்துட்டாரு.”

அவர் உடனே வாசலைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தலை திரும்பிவிட்டது.

பிறகு திரையைப் பார்த்தேன். மச்சானின் வரிகள்தான் மாறியிருந்தன. வந்துட்டன், வந்துட்டன் என்ற ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில் மட்டும் அப்படியே கிடந்தது.

“ஓம் மச்சான். பாத்துக்கிட்டு இரிக்கன்.”