அந்த நடுக்கம் பனியால் வந்ததல்ல

பிரியமான உங்களுக்கு,

மாரிமுத்து பிழைத்துக்கொண்டார். முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

எஸ்டேட்டில் கடைசிவரை உங்களுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அவருக்கும் உங்களைப் போலவே மலக்குடலில் புற்றுநோய். அந்தச் சொல்லை அன்று நாம் யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லி முடித்துவிட்டோம். இப்போது நான் முழுதாகவே சொல்கிறேன்.

சேலத்தில் உங்களுக்குச் செய்த அதே டாக்டர்தான் அவருக்கும் ஆபரேஷன் செய்தார். அன்று உங்களுக்குச் செய்தபோது, அவர் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கைகளை அசைக்க, ரோபோவின் கைகள் சிறு துளைகள் வழியே உள்ளே வேலை செய்தன. மறுநாளே நீங்கள் எழுந்து நடந்தீர்கள். "லீலா, பல்லு புடுங்குனாக்கூட இதவிட வலிக்கும்" என்று சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்த சில நாளில் உடம்பு நடுங்கியது. "பனி ஒத்துக்கல, நெருப்பப் போடச் சொல்லு" என்றீர்கள்.

இந்த மலையில் யார் நடுங்கினாலும் பனியைத்தான் நினைப்போம். உள்ளே குடலை இணைத்த இடம் கசிந்துகொண்டிருந்தது. மலை இறங்குவதற்குள் உடம்பெல்லாம் நஞ்சு பரவிவிட்டது; நீங்கள் திரும்பி வரவில்லை. வயிறு வலித்ததை ஏன் மறைத்தீர்கள்? என்னிடம்கூடவா?

போன வாரம் மாரிமுத்துவைப் பார்க்கப் போனேன். அவரும் ஆபரேஷன் முடிந்து திரும்பிய புதிது. இரண்டு கம்பளிக்குள் கிடந்தார்.

"பனி நொம்ப கொட்டுதுங்கம்மா, அதான் நடுங்குறாரு. மொளகுக் கசாயம் வெச்சிருக்கறனுங்க" என்றாள் அவர் மனைவி சரசு.

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. "வயிறு வலிக்குதா?"

"லேசாத்தானுங்க. ஊட்டுலயே கெடந்தா சரியாப் போயிருமுங்க."

"உங்க அய்யாவும் இப்படித்தான் சொன்னாரு. எந்திரிங்க, காரு நிக்குது."

"கசாயம் ஆறிப்போயிருமுங்களே" என்றாள் சரசு.

"அத நான் குடிச்சுக்கறேன். நீங்க ஏறுங்க."

மலை இறங்கி நேரே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் கசிவு தெரிந்தது. மறுபடி ஆபரேஷன் செய்து, தையல் ஆறும்வரை மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்றார் டாக்டர். பிறகு என்னை அடையாளம் கண்டு தலை குனிந்துகொண்டார்.

கண் விழித்ததும் மாரிமுத்துவுக்குப் பையைப் பற்றித்தான் கவலை. "இதக் கட்டிக்கிட்டு எப்படிங்கம்மா காப்பிக்காட்டுல நிக்கறது?"

"சட்டைய வெளிய விட்டுக்கிட்டு நில்லுங்க. சில மாசத்துல எடுத்துருவாங்க. உங்க அய்யாவுக்கு அதுகூடக் கெடைக்கல."

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து கணவருக்குக் கஞ்சி ஊட்டியதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். எனக்கு வந்தது பொறாமை. நல்லபடி வளர்க்கப்பட்டவள்தான், ஆனாலும் அதற்கு வேறு பெயர் சூட்டமாட்டேன்.

நாளை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அழைத்துவர நானே போகிறேன். பொறாமை தீரட்டும் என்று காத்திருக்கமாட்டேன். தினமும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், வயிறு வலிக்கிறதா என்று கேட்பேன். "இல்லீங்க" என்று சொன்னால் நம்பமாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சொல்லை நம்பிவிட்ட மனைவி,
லீலாவதி