கருகிய நூல்முனை

மார்ச் 1

இன்று எல்லார் மணிக்கட்டிலும் வசந்தத்தை வரவேற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பளி நூல். எனக்குக் கட்டிவிட்டது, வழக்கம்போல, என் பெஞ்சுத் தோழி போயானா. இந்த முறை குஞ்சம் நீளம். "மரம் பூக்குறதுக்கு முன்னால அவுத்தேன்னு வை, ராலிட்சா, அப்புறம் என்கிட்ட பேசாத."

வியாழனன்று ஆய்வகத் தேர்வு. நன்றாகச் செய்யும் ஜோடி மாவட்டப் போட்டிக்குப் போகும். போயானா போட்டிக்கான சட்டையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

மார்ச் 4

இரும்புக் கம்பிச் சுருளுக்கு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மீட்டரைப் படித்தது போயானா. ஸ்விட்சும் வரைபடமும் என் பொறுப்பு. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடும், கோடு நேராக வரும் என்கிறது புத்தகம். எங்கள் கோடோ மேலே போகப் போக வளைந்து படுத்துவிட்டது.

பென்சேவா டீச்சர் காரணம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"போயானா முள்ளைத் தப்பாப் படிச்சிருப்பா டீச்சர். அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவள் என்னைப் பார்த்தாள். போட்டிக்கு எனக்கு வேறு துணை பார்க்கலாம் என்றார் டீச்சர்.

மார்ச் 5

கை கழுவச் சட்டைக் கையை ஏற்றினேன். குஞ்சத்தின் முனை கருகி உருண்டிருந்தது. முகர்ந்தேன் – பொசுங்கிய முடியின் நாற்றம்.

சுருளில்தான் பட்டிருக்கிறது. அவ்வளவு சூடா? சூடேறினால் இரும்பின் தடை கூடும், மின்னோட்டம் குறையும். ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் ஸ்விட்சை அணைத்து ஆறவிட்டிருக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. அட்டவணைக்கு அழகாக இரட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் படித்தது எல்லாமே சரி.

மார்ச் 8

சொல்லவில்லை.

மார்ச் 9

போயானாவை அவள் அப்பா கண் டாக்டரிடம் அழைத்துப் போனாராம். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். இருந்தும் பின்பெஞ்சு ஸ்டோயான், "போயானா, கரும்பலகை எந்தப் பக்கம்னு தெரியுதா?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வீட்டில் கத்தரிக்கோலை எடுத்தேன். மரம் பூப்பதற்கு முன் நூலை வெட்ட மனம் வரவில்லை. ஏண்டி, இதுக்கு மட்டும் மனசு வரலியா உனக்கு?

மார்ச் 11

எல்லார் முன்னாலும் டீச்சரிடம் கையை நீட்டிக் காட்டினேன். "ஸ்விட்சை அணைக்காம விட்டது நான். பழியை அவ மேல போட்டுட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. திரும்பச் செய்யச் சொன்னார். அணைத்து அணைத்துச் செய்தபோது கோடு நேராக வந்தது. அணைக்காமல் விட்டபோது அதே வளைவு.

போட்டிக்குப் போயானா போகிறாள். துணையை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்றார். அவள் ஸ்டோயானைச் சொன்னாள்.

"அவனா?" என்று கேட்டுவிட்டேன்.

"கிண்டல் பண்ணுவான்தான். ஆனா மூஞ்சிக்கு நேரா பண்ணுவான்."

மார்ச் 24

பள்ளி முற்றத்துப் பிளம் மரம் பூத்துவிட்டது. எல்லாரும் நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினார்கள். என் முடிச்சு இறுகிக் கிடந்தது, ஒரு கையால் அவிழ்க்க வரவில்லை. போயானா வந்து, நகத்தால் மெல்ல நெகிழ்த்தினாள். கருகிய முனையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் நாத்தம் போகல" என்றாள்.

பிறகு என் நூலையும் அவளே கட்டினாள். அவளுடைய கிளையில் இல்லை. பக்கத்துக் கிளையில்.